செல்லாத திருமணங்களின் நாற்பது ஆண்டுகள்

1928 மே மாதம் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த திருமணத்தையே சுயமரியாதைத் திருமணங்களில் முதலாவது என்று சொல்வது வழக்கம். புரோகிதரையும் மந்திரத்தையும் விலக்கி, உறவினர் நண்பர் முன்னிலையில் மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் உறுதி சொல்லி மாலை மாற்றிக்கொள்ளும் இந்த முறை விரைவிலேயே பல ஊர்களுக்குப் பரவியது. சிலர் வேண்டுமென்றே ராகுகாலத்தில் மணந்தார்கள். சிலர் தாலியையும் விட்டார்கள். 1929 டிசம்பரில் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்துகொண்டார்கள். சமூகச் சீர்திருத்தம், சமயச் சீர்திருத்தம், தனிமனித ஒழுக்கம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவது நம் பழக்கம். இந்தத் திருமணங்களை அப்படிப் பிரிக்க முடியாது. சடங்கை விட்டது சமயத்தைத் தொட்டது, சாதியை மீறியது சமூகத்தைத் தொட்டது. ஆனால் இரண்டுக்கும் உயிர் கொடுத்தது, விளைவு தெரிந்தே தம் வாழ்க்கையைப் பணயம் வைத்த மணமக்களின் நடத்தைதான்.

சட்டம் போட்டால் சமூகம் மாறிவிடும் என்பவர்களுக்கு அந்தக் காலமே பதில் சொல்கிறது. விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் அதைப் பயன்படுத்த முன்வந்த குடும்பங்கள் மிகச் சிலவே. குழந்தை மணத்தைத் தடுக்க 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமுன், அவசர அவசரமாகக் குழந்தைகளுக்கு மணம் முடித்தவர்கள் ஏராளம். வங்கத்துப் பிரம்ம சமாஜத்தார் வேறொரு விலை கொடுத்தார்கள். அவர்களுக்காக வந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணப்பவர்கள், தாம் இந்து சமயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. சுயமரியாதைக்காரர்கள் அப்படியோர் ஒதுக்கிடத்தைத் தேடவில்லை. ஊருக்குள்ளேயே, சொந்தக்காரர்கள் கண்ணெதிரே, சட்டத்தின் ஏற்பு இல்லாமலே மணந்தார்கள். எங்கோ தொலைவில் போடப்படும் சட்டத்தைவிட, அடுத்த வீட்டில் நடக்கும் இத்தகைய திருமணமே ஊராரை யோசிக்க வைக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொள்கை பெரியவர்களுடையது, நட்டத்தைச் சுமந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும் அல்லவா? உண்மைதான். 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் பற்றிய வழக்கில், அதில் சாஸ்திரச் சடங்கும் இல்லை, நிலைபெற்ற வழக்கமும் இல்லை, ஆகவே அது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. பிறகு வந்த 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் மணமக்களில் ஒருவரது வழக்கச் சடங்கையே கேட்டது. ஊரறிய வாழ்ந்த மனைவியின் நிலையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயின. இந்த அநீதியைக் கொள்கையின் பெயரால் மூடி மறைக்கக் கூடாது. ஆனால் அதைச் செய்தது கொள்கையா? மனம் ஒப்பி வாழ்ந்த இருவரைக் கணவன் மனைவி என்று ஏற்க மறுத்த சட்டமே அதைச் செய்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தும் கடமையை அரசின் தலையில் ஏற்றியதும், நாற்பதாண்டுகளாகப் பெருகிவந்த அந்தக் குடும்பங்கள்தாம். 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆனது.

இந்தப் பிரிவு பகுத்தறிவாளர்களுக்கு மட்டும் பயன்பட்டதாக நினைப்பது தவறு. திருத்தணியில் தாலி கட்டி இரண்டாம் திருமணம் செய்த ஒருவர்மீது முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல என்று தப்பப் பார்த்தார் கணவர். 7ஏ பிரிவின்படி அது திருமணமே என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சடங்கின் ஓட்டையில் ஒளிந்துகொள்ளும் வழி அடைபட்டது. தாலி கட்டி நடந்த ஒரு திருமணத்தில், கோவிலுக்கே போகாதவர்கள் போராடிப் பெற்ற சட்டம் ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்தது.

இருந்தும் இந்தச் சீர்திருத்தம் பாதியில் நிற்கிறது என்றே சொல்வேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சடங்கை மட்டும் பேசவில்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, விதவை மறுமணம் ஆகியவற்றையும் தீர்மானமாக்கியது. தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தரும் சட்டம் 1989இல்தான் வந்தது. அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களை அதுவும் விட்டுவிட்டது. மேடையில் ஐயர் இருந்த இடத்தில் தலைவர் வந்தார், மந்திரத்துக்குப் பதில் வாழ்த்துரை வந்தது. மாப்பிள்ளை மட்டும் பல வீடுகளில் அதே சாதிக்குள்தான் தேடப்பட்டார். தலைவர்களின் பேச்சு அதைத் தடுக்கவில்லை என்று குறை சொல்பவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். மிக எளிதான பகுதியை எடுத்துக்கொண்டு கடினமானதை விட்டது நாம்தான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். உங்கள் வீட்டில் ஐயர் இல்லாமல் திருமணம் நடத்துவதானால், வரன் பார்க்கும்போது சாதியையும் கேட்காமல் இருங்கள்.