கழித்த கணினியும் முகாம் பதிவும்: பவானிசாகரை முன்வைத்து ஓர் ஆய்வு

பவானி நகரில் காவிரியோடு கூடுவதற்கு முன், பவானி ஆறு மேற்கே பவானிசாகர் அணையில் தேங்குகிறது. அணையை ஒட்டிய அந்த ஊரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. அதே ஈரோடு மாவட்டத்தில் அரச்சலூரிலும், கோவை மாவட்டத்தில் பூளுவபட்டியிலும் முகாம்கள் உள்ளன. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அளித்த கணக்கின்படி, 1983 முதல் தமிழகம் வந்து சேர்ந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். இன்று முகாமில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை.

பழைய மடிக்கணினிகளையும் கைப்பேசிகளையும் பழுது நீக்கி அகதிகளுக்குக் கொடுக்கும் முயற்சிகள் உலகின் பல பகுதிகளில் நடக்கின்றன. லேப்டூ என்ற தன்னார்வ அமைப்பு பயன்படுத்திய மடிக்கணினிகளைத் துடைத்து, லினக்ஸ் ஏற்றி, பயணிகளின் கைப்பெட்டி வழியாகவே தேவைப்படும் இடங்களுக்குச் சேர்க்கிறது. நல்ல முயற்சி. அதை அப்படியே கொங்கு மண்டலத்து முகாம்களுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தால் பாதிக் கிணறுதான் தாண்டுவோம் என்பது என் வாதம். இங்குள்ள தடை கருவி இல்லாமையில் தொடங்கினாலும் அதோடு முடிவதில்லை. பழுது பார்க்க ஆள் இல்லாததும், படிவம் கேட்கும் அடையாளத்தைக் காட்ட முடியாததும் அதைவிடப் பெரிய தடைகள்.

முதலில் கருவி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் கல்வி நிலையத்தை அலகாகக் கொண்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்தவர்களும் அதன் பயனாளிகள். முகாம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஆகவே அகதிகளுக்கென்று தனித் திட்டம் எதுவும் இல்லாமலே, சக மாணவர்களோடு ஒரே வரிசையில் நின்று கணினி வாங்கும் வழி முகாம் மாணவருக்கும் திறந்தது. இதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். தனியே பிரித்து அளிக்கப்படும் உதவியில் இருக்கும் கூச்சம் இதில் இல்லை.

அந்தத் திட்டம் கருவியைக் கொடுத்த அளவுக்கு அதன் ஆயுளைப் பற்றி யோசிக்கவில்லை. மடிக்கணினி பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் சோர்ந்துவிடும். பிறகு மின்கம்பியைப் பிடுங்கினால் திரை அணைந்துவிடும். பத்துக்குப் பத்து அறையாகக் கட்டப்பட்ட பழைய முகாம் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்க, அதில் மிக்சியும் விசிறியும் முறைவைத்து ஓடினால், பேட்டரி போன கணினி பரண் ஏறிவிடும். அரசு அக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றித் தந்தது. பழைய கணினிக்கு உயிர் கொடுக்கக்கூடிய இலகுவான மென்பொருள் வழி உள்ளேயே இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள்தான் போதவில்லை.

இப்போது பழைய கணினிகளுக்குப் பஞ்சமில்லை. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சில்லும் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் கேட்கிறது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகள் இதனால் ஒரே நாளில் கழிவாகத் தோற்றமளிக்கின்றன. உண்மையில் அவற்றுக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டி, ரேமை எட்டு ஜிபி ஆக்கி, விசிறியில் படிந்த தூசியை ஊதி, லினக்ஸ் ஏற்றினால் இன்னும் நாலைந்து வருடம் படிப்புக்கும் படிவம் நிரப்பவும் ஓடும். வீங்கிய பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் அப்படியே கொடுக்கக் கூடாது. ஓலையும் தகரமும் கலந்த கூரைகளின் கீழ் அது தீ விபத்துக்கு வழி.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், புதுப்பிப்போரை உற்பத்தியாளர், மறுசுழற்சியாளர் போலவே பதிவு பெற வேண்டிய தனி வகையாக அங்கீகரிக்கின்றன. பெரும் நிறுவனங்கள் தம் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். எனவே கோவை நிறுவனம் ஒன்று பழைய கணினிகளை முகாமுக்குத் தர விரும்பினால், பதிவு பெற்ற புதுப்பிப்பாளர் வழியே தருவதுதான் நேர்மையான பாதை. வேலை செய்யாத கருவிகளை நன்கொடை என்ற பெயரில் முகாமில் இறக்கிவிட்டுப் போவது கழிவைத் தள்ளிவிடுவதற்குச் சமம்.

பழைய இயந்திரம் வாங்குவது இந்த வட்டாரத்தில் கௌரவக் குறைவாகக் கருதப்பட்டதே இல்லை. வேறெங்கோ கழித்துக்கட்டிய தறிகளைக் கொண்டுவந்து, உதிரிபாகம் மாற்றி, இரவும் பகலும் ஓட்டிய பட்டறைகள் சோமனூரிலும் பல்லடத்திலும் உண்டு. அந்தத் தறிகள் ஓடியதற்குக் காரணம் கூப்பிட்ட குரலுக்கு வரும் பிட்டர். முகாமில் இல்லாதது அந்தப் பிட்டர்தான். நூறு கணினி கொடுப்பதைவிட நாற்பது கணினியும், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த நான்கு முகாம் இளைஞர்களும், அவர்களுக்கு மாதச் சம்பளமும் தருவது மேல். கருவிகளை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடாமல், மாலைநேரப் படிப்பு மையத்தில் வைத்து நூலகப் புத்தகம்போல் இரவல் தரலாம். பழுதானது திரும்பி வரும், உதிரிபாகம் அடுத்ததற்கு ஆகும். 1984 முதல் முகாம் மக்களே முன்னின்று நடத்திவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் வரலாறு, இத்தகைய பொறுப்பை உள்ளே இருப்பவர்களால் ஏற்க முடியும் என்பதற்குச் சான்று.

கைப்பேசியின் கதை வேறு. அது ஒரு தொடர்செலவு. 2016-இல் வந்த ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் அறிக்கை, அகதிகள் தொடர்பில் இருப்பதற்காகத் தம் கைச்செலவுப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குவரை செலவிட நேர்வதைப் பதிவு செய்தது. நம் கணக்கைப் பார்ப்போம். 2021 அறிவிப்பின்படி மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 ரூபாய். இரு பிள்ளைகள் உள்ள நால்வர் குடும்பத்துக்கு 3,500. 2024 ஜூலை உயர்வுக்குப் பின் ஜியோவில் நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் 299 ரூபாய். இரண்டு எண்ணுக்கு ரீசார்ஜ் செய்தால் பணக்கொடையில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் பல வீடுகளில் உயிருள்ள எண் ஒன்றே ஒன்று. கல்லூரிச் சேர்க்கைக்கு மகள் விண்ணப்பிக்கும்போது ஓடிபி, பெயிண்ட் வேலைக்குச் சாரம் ஏறியிருக்கும் அப்பாவின் சட்டைப்பைக்குப் போகிறது. அவர் இறங்கி வந்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் அது காலாவதியாகிவிடும். இந்த வீட்டுக்கு இரண்டாவது கைப்பேசி கொடுத்தால் பாதித் தீர்வு. ஓராண்டு இணையக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் முழுமை.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அகதி என்றால் பிறர் கழித்ததுதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 2025 மார்ச் மாதத் தமிழக வரவுசெலவுத் திட்டம் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி அறிவித்தது. அந்தப் பட்டியலில் முகாம் மாணவர்கள் ஒருவர் விடாமல் இடம்பெற வேண்டும். பழைய கணினி கிடைத்திருக்கிறதே என்று யாரையும் அதிலிருந்து கழிக்கக் கூடாது. புதுப்பித்த கருவிகள் போய்ச்சேர வேண்டியது அப்பட்டியல் எட்டாதவர்களிடம்: படிப்பை இடையில் விட்ட இளைஞர்கள், தையல் கணக்கு எழுதும் பெண்கள், யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ உள்ள உறவுகளோடு முகம் பார்த்துப் பேசக் காத்திருக்கும் முதியவர்கள். கொடுக்கும் கருவியில் கண்காணிப்பு மென்பொருள் எதுவும் இருக்கக் கூடாது. முகாமின் ஆள்கணக்குத் தணிக்கைக்கும் காவல்துறையின் கியூ பிரிவு விசாரணைக்கும் பழகிய மக்கள், தம் திரையையும் யாரோ பார்க்கிறார்கள் என்று ஐயப்பட்டால் அதைத் தொடவே மாட்டார்கள்.

கடைசித் தடை, படிவத்தில் குடியுரிமை கேட்கும் கட்டம். ஈரோடு மாவட்ட முகாம் மாணவி ஒருவர் மிக நல்ல மதிப்பெண் பெற்றும் மருத்துவப் படிப்பில் சேர முடியாமற்போனது 2016-இல் செய்தியானது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்து தங்கியதற்கான தண்டனையிலிருந்து மட்டும் 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. அது குடியுரிமை ஆகாது.

ஆனால் சட்டத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோரின் குடியுரிமை எதுவாக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 தேர்தலில் அவர் வாக்களித்தார். 1983-க்கும் 1987-க்கும் இடையில் தமிழகத்தில் பிறந்தவர்கள் மற்ற முகாம்களிலும் இருக்கிறார்கள். அவர்களின் பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து, வருடி, விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு ஸ்கேனர், ஒரு பழைய மடிக்கணினி, படிவம் தெரிந்த ஓர் ஆள் போதும். பவானிசாகருக்கு வரும் முதல் கணினியை இந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.