மைப்புட்டியில் உயிரணு
இங்க்ஜெட் பிரிண்டர் ரிப்பேர் செய்தே பிழைத்தவன் நான். உயிரணு அச்சின் வரலாற்றைப் படிக்கும்போதும் என் கண் மருத்துவர்களைவிட மெஷின் மேல்தான் போகிறது.

1988-இல் டெக்சாஸில் ராபர்ட் கிளீப், கடையில் விற்கும் ஹியூலெட்-பேக்கார்ட் பிரிண்டரைக் கொண்டு, உயிரணுக்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோநெக்டின் புரதத்தை வேண்டிய வடிவில் அச்சிட்டார். 2003 வாக்கில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட், உயிரணுக்களையே கார்ட்ரிட்ஜில் ஊற்றிவிட்டார்.

தொழில் தெரிந்தவனுக்கு இங்கே வயிறு கலங்கும். இவ்வகை ஹெட்டில் குட்டி ஹீட்டர் ஒன்று நீராவிக் குமிழை எழுப்பித்தான் துளியை வெளியே தள்ளும்; அந்த இடத்தில் சூடு 200 டிகிரிக்கு மேல். உயிரணு வெந்துபோகாதா? போகவில்லை. சூடு சில மைக்ரோ நொடிகளே இருப்பதால் துளிக்குள் சில டிகிரிதான் ஏறுகிறது. 2005-இல் வெளியான சோதனையில் வெள்ளெலி உயிரணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைத்தன. நாசில் அடைப்பு மட்டும் அந்த ஆராய்ச்சியாளர்களையும் விடவில்லை. (அதில் எனக்கு அற்ப சந்தோஷம்.)

மருத்துவர் அந்தோணி அட்டாலாவின் குழு 7 பேருக்குப் பொருத்தி 2006-இல் அறிவித்த சிறுநீர்ப்பைகளை ‘அச்சிட்டவை’ என்று எழுதுவது தவறு. அவை சாரத்தின்மேல் உயிரணுக்களை விதைத்து வளர்த்தவை. அச்சிட்ட முழு இதயம், சிறுநீரகம் எதுவும் இன்னும் மனித உடலில் பொருத்தப்படவில்லை. அப்படி வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள்.