கதிரையும் தேக்கும்

கல்முனை, சொறிக்கல்முனை முதலிய கீழ்மாகாணத்து ஊர்களிற் 'கதிரை' என்பது நாளாந்த வழக்குச் சொல்லாகும். தமிழகத்தார் அதனை நாற்காலி என்பர். மேசை, அலுமாரி என்பன போலக் கதிரையும் போர்த்துக்கேயர் தந்த சொல். அதன் மூலம் கிரேக்கம். ஆண்டு அது இருக்கையைக் குறித்தது. மேற்றிராணியாரின் தலைமைக் கோவிலுக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரும் அவ்வேரிற் பிறந்ததே. எனவே கதிரை வெறுந் தளவாடமன்று; அமர்வோரின் தகுதியைக் காட்டும் சின்னமுமாகும்.

இருபதாம் நூற்றாண்டிற் கதிரைக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்த நாடுகளுள் தென்மார்க்கு ஒன்று. அந்நாட்டார் நமக்கு முற்றிலும் புதியவரல்லர். 1620 ஆம் ஆண்டில் ஓவே கேடே என்பானின் தலைமையில் அவர்தம் கப்பல்கள் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தன. திருகோணமலையில் நிலைகொள்ளும் முயற்சி கைகூடவில்லை. அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று, 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அதனை ஆண்டனர்.

ஆட்சி நீங்கினும் வணிகம் நீங்கவில்லை. சீயத்துத் தேக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பொருளீட்டிய அண்டர்சன் என்பார், 1897 இற் கிழக்காசியக் கம்பெனியைக் கொப்பன்கேகனில் நிறுவினார். தேக்கு வளராத குளிர்நாட்டிலே தேக்குத் தளவாடம் சிறந்தமைக்கு இத்தகைய கடல்வழித் தொடர்பும் ஒரு காரணமாகும்.

மற்றொரு காரணம் கல்வி. 1924 இற் கொப்பன்கேகன் அரச கலைக்கழகத்திலே தளவாடக்கலைப் பிரிவு கோர் கிளிண்ட் என்பாரின் பொறுப்பில் தொடங்கியது. 1927 முதல் 1966 வரை தச்சர் சங்கத்தார் ஆண்டுதோறும் பொருட்காட்சி நடத்தினர். அங்கே வரைவோரும் மரவேலைஞரும் ஒருங்கு கூடினர்.

ஃபின் யூல் என்னும் கட்டடக் கலைஞர் வரைய, நீல்ஸ் வொடர் என்னும் தச்சர் செய்த மெத்தைக் கைக்கதிரைகள் இரண்டு இக்கூட்டுறவின் சான்றுகள். 1945 ஆம் ஆண்டுக் கதிரையில் மெத்தையிட்ட இருக்கையும் முதுகும் மரச்சட்டத்தினின்று விலகி மிதப்பனபோலத் தோன்றும். 1949 இற் செய்த பெருங்கதிரையில் மன்னர் ஒன்பதாம் பிரெடரிக் அமர்ந்தார். 'மன்னர் கதிரை' எனப் பெயரிடலாமே என்று ஒருவர் கூற, 'தலைவன் கதிரை' என்பதே போதுமென யூல் விடையிறுத்தார் என்பர்.

இவ்வரலாற்றில் ஒரு முரண் நோக்கற்பாலது. நியூயோர்க்கிலே ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பாட்சி மன்ற மண்டபத்தை 1952 இற் கதிரைகளுடன் அமைத்தவரும் யூலே. 11 ஆட்புலங்கள் தன்னாட்சி அடையும்வரை அவற்றைக் கண்காணிப்பது அம்மன்றத்தின் கடன். அங்கு நிற்கும், கைகளை உயர்த்திய பெண்ணுருவம் தேக்கிற் செதுக்கப்பட்டு 1953 இல் தென்மார்க்கு அளித்த கொடை. அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலையை ஆராய்ந்த அவையிலே, அயலார் ஆண்ட கீழைநாடுகளிற் செழித்த மரமே நம்பிக்கையின் வடிவாயிற்று! கடைசி ஆட்புலமாகிய பலாவு விடுதலை பெற்றதும், 1994 இல் மன்றம் தன் பணியை நிறுத்தியது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1989 இல், குறைந்துவந்த காடுகளைக் காக்கத் தாய்லாந்து இயற்கைக் காட்டில் மரம் வெட்டுதலைத் தடைசெய்துவிட்டது.

மரம் கீழைநாட்டது, புகழ் மேனாட்டது என்று வருந்துதல் எளிது. எனினும் மரத்தை மட்டும் பெற்ற நாடுகள் பல. அதனைக் கலையாக்கியவை சிலவே. வரைந்தவர் பெயரோடு செய்த தச்சர் பெயரையும் சேர்த்து வழங்கியது தென்மார்க்கினரின் சிறப்பு. நம்மிடையிலோ மரவேலை, படிப்பில் தேறாதார்க்கு உரியதெனக் கருதப்படுகின்றது. அக்கருத்து நீங்கி, உளி பிடிக்கும் கைக்கும் ஏடு பிடிக்கும் கைக்கும் ஒரே மதிப்பு வாய்க்குமாயின், கதிரை என்னும் சொல்லை இரவல் பெற்ற நாம் கதிரைக் கலையை உலகுக்கு வழங்குதலும் கூடும்.