கொள்ளைநோய் கற்பித்த பாடம்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரசர்களும், போர்களும், உடன்படிக்கைகளுமே. ஆயினும் ஒரு நாட்டின் போக்கைப் போர்கள் மாற்றியதுபோலவே கொள்ளைநோய்களும் மாற்றியிருக்கின்றன. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது பள்ளிகள் மூடப்பட்டதையும், நாம் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நடமாடியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நோய் தணிந்தபின், "இனி இத்தகைய நோய் வருமாயின் என் செய்வது?" என்னும் வினா எங்கும் எழுந்தது. மருத்துவமனைகள் பெருக வேண்டும். ஆய்வுக்கூடங்கள் பெருக வேண்டும். மருந்துகள் சேமிக்கப்பட வேண்டும் என்றனர். இவையனைத்தும் வேண்டியனவே. ஆயினும் இவற்றோடு மற்றொன்றும் வேண்டும். அது யாது என்பதை அறிய, 1896ஆம் ஆண்டின் பம்பாய் நகருக்குச் சென்று வருவோம்.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்டவி என்னும் பகுதியில் மக்கள் கடுங்காய்ச்சலாலும் நெறிக்கட்டிகளாலும் மாண்டனர். தானியக் கிடங்குகளும் எலிகளும் நிறைந்த பகுதி அது. வந்திருப்பது பிளேக் நோயே என்று துணிந்து கூறியவர் அக்காசியோ வீகாஸ் என்னும் மருத்துவர். எட்டு இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரிலிருந்து, சில திங்களுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர். ஆலைகள் ஆளின்றி நின்றன.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது; எனினும் அதிகாரிகளுக்கு அது வழங்கிய அதிகாரமோ மிகப் பெரிது. எந்த வீட்டையும் சோதனை இடலாம், நோயுற்றவரை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம், உடைமைகளை எரிக்கலாம், இரயில் பயணிகளை நிறுத்திச் சோதிக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் ஊற்றிக் கழுவினர்.

விளைந்தது என்ன? மக்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கினர். மருத்துவமனைக்குச் சென்றவரில் பெரும்பாலோர் உயிருடன் திரும்பாமையால், அது சாவதற்குரிய இடம் என்றே அவர்கள் எண்ணினர். அந்நிய ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிரைத் தொட்டுச் சோதிப்பதை அவர்களால் பொறுக்க இயலவில்லை. 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். பூனாவில் வீடுகளைச் சோதிக்கப் படைவீரர்களை ஏவினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய ராண்டு என்னும் அதிகாரி 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு சுடப்பட்டு, சில நாள்களில் உயிர் நீத்தார். கொலை ஒருபோதும் நியாயமாகாது. ஆயினும் நோயை ஒழிக்க வந்தவரை மக்கள் பகைவராக எண்ணும் நிலை ஏன் வந்தது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. இவ்வளவு வன்மையாக நடந்துகொண்டவர்களுக்கு நோய் பரவும் வழி தெரிந்திருக்கவில்லை! 1898ஆம் ஆண்டில் கராச்சியில் பால் லூயி சீமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று கண்டார். அவர் கூற்றை உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. மனிதரைத் தேடி வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தபோது, நோயைச் சுமந்த எலி கூரையிலும் வளையிலும் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கடையில் ஊற்றிய நீர் எலிகளை வீடுகளுக்குள் விரட்டவும் செய்தது. அறிவு முழுமை பெறாத நிலையில் அதிகாரம் மட்டும் முழுமையாக இருந்தால் வரும் கேடு இதுவே.

அதே நகரில் அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் காண்போம். உருசியப் பேரரசின் ஒதெசா நகரில் பிறந்த ஹாஃப்கின் என்னும் அறிஞர், கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் அமர்ந்து, சில திங்களுக்குள் பிளேக் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பிறருக்குச் சொல்வதைத் தாமே முன்னர்ச் செய்து காட்டினார். ஏறத்தாழ இருபது வயதினரான ஆகா கான் பலரறிய ஊசி போட்டுக்கொண்டு, தம்மைப் பின்பற்றுவோரின் அச்சத்தைப் போக்கினார். பூனாவிலோ, பெண்கல்விக்கு உழைத்த சாவித்திரிபாய் ஃபுலே, மருத்துவரான தம் மகனோடு நோயாளிகளுக்குப் பணிபுரிந்து, அந்நோயாலேயே 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். படைவீரர் கதவைத் தட்டியபோது மறைந்த மக்கள், இத்தகையோர் அழைத்தபோது வெளியே வந்தனர்.

1898 மார்ச்சில் பம்பாய் நெசவாளர் பகுதியில் நோயுற்ற சிறுமி ஒருத்தியை அப்புறப்படுத்த முயன்றபோது பெருங்கலகம் மூண்டது. அதன்பின் அரசாங்கமும் தன் போக்கைத் தளர்த்திற்று. கட்டாயம் குறைந்தது, அந்தந்தச் சமூகத்தார் நடத்திய மருத்துவமனைகளும் ஊர்ப்பெரியவர்களின் துணையும் பெரிதும் நாடப்பட்டன.

நம்பிக்கையைப் பெறுதல் அரிது, இழத்தலோ எளிது. 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில், ஒரே சீசாவிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் டெட்டனஸ் என்னும் இரணஜன்னி கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தின்மேல் விழுந்தது. அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ஊசி போடும் இடத்தில், சீசாவைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழ, அதைச் செவ்வையாகத் தூய்மை செய்யாமல் கையாண்டதே காரணமாகலாம் எனத் தெரிந்தும், உண்மை உரைக்கப்படுவதற்கு ஐந்தாண்டுகள் சென்றன. ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின்னரே, 1907இல் அவர்மேல் இருந்த களங்கம் நீங்கிற்று. பின்னாளில், 1925இல், அவர் நிறுவிய ஆய்வுக்கூடம் அவர் பெயரையே தாங்கியது. தவறு நேர்ந்தால் அதை விரைந்து ஆராய்ந்து வெளிப்படையாக உரைத்தலும் பொதுச் சுகாதாரத்தின் ஓர் அங்கமே.

அந்தப் பிளேக் அடங்குவதற்குள் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் போனபின் நாம் என்ன செய்தோம் என்பதே அடுத்த நோய்க்கான ஆயத்தம். சென்னை மாகாணம் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவை பற்றி, நோய் வராத காலத்திலும் ஆற்ற வேண்டிய கடமைகளை அது வகுத்தது. 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் எழுந்து இலட்சக்கணக்கானோர் ஓடினர். குப்பையும் தேங்கிய வெள்ளமும் நிறைந்திருந்த அந்நகருக்கு, மறு ஆண்டில் எஸ். ஆர். இராவ் மாநகராட்சி ஆணையராக வந்தார். அதிகாரிகள் நாள்தோறும் அறையை விட்டு வெளியேறித் தெருக்களைக் காண வேண்டும் என்று விதித்தார். ஓரிரண்டு ஆண்டுகளில், இந்தியாவின் தூய நகரங்களுள் ஒன்று என்னும் பெயரைச் சூரத் பெற்றது. பெருஞ்செல்வம் வந்து குவிந்ததனால் அன்று. நாள் தவறாமல் பணி நடந்ததனாலேயே அம்மாற்றம் வந்தது.

2020இல் கொரோனா வந்தபோது, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாம் மீண்டும் கையிலெடுத்தோம். பணிபுரிந்த மருத்துவரும் செவிலியரும் சிலவிடங்களில் தாக்கப்பட்டமையால், அவர்களைக் காக்க அவ்வாண்டு ஏப்ரலில் அச்சட்டத்தைத் திருத்தவும் நேர்ந்தது. ஆர்தர் சாலையில் அன்று எறிந்த கல்லின் காரணம் முற்றும் மறையவில்லை என்பதையே இது காட்டுகிறது. மருத்துவம் நெடுந்தொலைவு வளர்ந்துவிட்டது. மக்களுக்கும் மருத்துவத்துக்கும் இடையே உள்ள பாலம் அவ்வளவு வளரவில்லை.

அந்தப் பாலத்தைக் கட்டுவது எவர் கடமை? அரசுக்கு ஒரு பங்கு உண்டு; மருத்துவருக்கு ஒரு பங்கு உண்டு; உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கேட்ட செய்தியை ஆராயாமல் பிறருக்குப் பரப்பாதிருத்தல், நோயுற்றவரை இகழாதிருத்தல், தெருவின் தூய்மையையும் நம் வீட்டுத் தூய்மையாகக் கருதுதல் ஆகிய இவை மாணவர்களால் இயலாதவை அல்ல.

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று திருவள்ளுவர் வகுத்தார். அவற்றுள் நோயாளியை முதலில் வைத்து, மருத்துவனை அடுத்து வைத்து, மருந்தை மூன்றாவதாக வைத்து, உடனிருந்து உதவுபவனை நான்காவதாக வைத்தார். நால்வகையில் மூன்று மனிதர், ஒன்றே மருந்து. பம்பாயில் அன்று மறக்கப்பட்டது இவ்வுண்மையே. மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின், நம் மருந்துக் கிடங்குகள் நிறைந்திருத்தலோடு, கதவைத் தட்டுபவரைக் கண்டு மக்கள் அஞ்சாத நிலையும் இருத்தல் வேண்டும். அந்நிலையை ஒரே நாளில் உண்டாக்க இயலாது. நோயில்லாத இந்நாள்களே அதற்குரிய காலம்.