இரண்டாவது டிவிக்குக் கட்டணம்: ஒரு சிறு வரலாறு



ஒரு வீட்டில் இரண்டு டிவி இருந்தால் கேபிளுக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டுமா? தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேள்வி சின்னதுதான், ஆனால் அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. முதலில் வரலாற்றைப் பார்ப்போம். கட்டணம் நியாயமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நம் நாட்டில் டிவிக்குப் பணம் கட்டும் பழக்கம் கேபிளோடு வந்ததல்ல. ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருக்கவும் டிவி வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீசில் அதற்கென்று ஒரு புத்தகம் தருவார்கள். டிவிக்கு வருடத்துக்கு 50 ரூபாய். 1980களின் நடுவில் இந்த முறை ஒழிக்கப்பட்டது. பிரிட்டனில் இன்றும் டிவி லைசென்ஸ் உண்டு. ஆனால் அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்தால் போதும், வீட்டுக்குள் எத்தனை டிவி இருந்தாலும் அதில் அடங்கிவிடும்.

1975 ஆகஸ்ட் 15ல் சென்னை தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் ஒளிபரப்பு டெல்டா வரை சரியாக எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், நம் கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து அதைப் பார்த்தார்கள். காற்றில் வந்த சிக்னல் என்பதால் யார் வீட்டில் எத்தனை டிவி என்று எண்ண யாருமில்லை.

1990களில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14ல் சன் டிவி தொடங்கியது. கேபிள்காரர் தெருவில் ஒயர் இழுத்து வீட்டுக்கு ஒரு இணைப்பு கொடுத்தார். இரண்டாவது டிவி வாங்கினால் ஒரு ஸ்ப்ளிட்டரும் கொஞ்சம் ஒயரும் போதும். அதற்கு மாதக் கட்டணம் கேட்டாலும், வீட்டுக்குள் வந்து பார்க்காமல் அவரால் கணக்கு எடுக்க முடியாது.

இது நம் ஊருக்குப் புதிய விஷயம் அல்ல. காவிரித் தண்ணீருக்கும் இதே கதைதான். வாய்க்காலில் மீட்டர் கிடையாது. அதனால் எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று பார்த்து வரி போடவில்லை. நஞ்சையா புஞ்சையா, எத்தனை ஏக்கர் என்று பார்த்துத் தீர்வை போட்டார்கள். எதை எண்ண முடியுமோ அதற்குத்தான் வரி. கேபிளில் எண்ண முடிந்தது வீடு மட்டும்தான்.

பிறகு 2006 செப்டம்பர் 15ல் தி.மு.க. அரசு இலவச கலர் டிவி திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 இன்ச் டிவிகள் ரேஷன் கார்டு அடிப்படையில் கொடுக்கப்பட்டன. டிவியே இல்லாத வீட்டுக்கு அது முதல் டிவி. ஏற்கனவே ஒன்று வைத்திருந்த வீட்டுக்கு அதுதான் இரண்டாவது டிவி!

2007ல் அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவானது. அதற்காக முதலில் தேர்ந்தெடுத்த நான்கு நகரங்களில் தஞ்சாவூரும் ஒன்று. மற்றவை கோவை, திருநெல்வேலி, வேலூர். கொஞ்ச காலம் முடங்கிக் கிடந்த அந்த நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. அந்த 70 ரூபாயும் இணைப்புக்குத்தான், டிவிக்கு அல்ல.

எல்லாவற்றையும் மாற்றியது செட் டாப் பாக்ஸ். 2011ல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு நாடு முழுவதும் படிப்படியாக டிஜிட்டல் முறை வந்தது. நம் பகுதிகளுக்குக் கடைசிக் கட்டங்களில்தான் முறை வந்தது. பாக்ஸ் இல்லாமல் படம் தெரியாது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு எண் உண்டு. ஒரு வீட்டில் எத்தனை டிவி ஓடுகிறது என்பதை முதன்முறையாக வெளியில் உட்கார்ந்தே எண்ண முடிந்தது. எண்ண முடிந்ததும் பில்லும் வந்தது.

2019 பிப்ரவரியில் டிராய் அமைப்பின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. 100 சேனல்களுக்கு அதிகபட்ச நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய், வரி தனி. பணம் கட்டும் சேனல்களின் விலையும் தனி. இதில் ஒவ்வொரு பாக்ஸும் ஒரு தனி இணைப்பாகக் கணக்கிடப்பட்டது. சில நிறுவனங்கள் தள்ளுபடி தந்தன, ஆனால் கட்டாயம் இல்லை. புகார்கள் வந்தன. 2020 ஜனவரி 1ல் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இரண்டாவது டிவியிலிருந்து நெட்வொர்க் கட்டணம் முதல் டிவிக்கு வாங்குவதில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 130 ரூபாய்க்கு 52 ரூபாய். வருடத்துக்கு 624 ரூபாய், வரி தனி. 2024 ஜூலையில் 130 ரூபாய் என்ற உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டு, கட்டணத்தை நிறுவனங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது.

சரி, இது நியாயமா?

கேபிள்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாவது பாக்ஸுக்கு விலை உண்டு. அது கெட்டுப்போனால் ஆள் வந்து பார்க்க வேண்டும். மேலும் நம் ஊர்த் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். இரண்டாவது டிவி இலவசம் என்று சொல்லிவிட்டால் அது பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஓடும்!

ஆனால் தெருவில் வரும் ஒயர் ஒன்றுதான். அதில் வரும் சேனல்களும் அதேதான். இரண்டாவது டிவி ஓடுவதால் ஒயருக்குப் பெரிதாகச் செலவு கூடுவதில்லை. அப்படியிருக்க ஒரே வீட்டில் ஒரே சேனலுக்கு இரண்டு முறை விலை வாங்குவது எப்படிச் சரியாகும்? அமெரிக்காவில் 1992ல் வந்த கேபிள் சட்டம், கட்டணக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இடங்களில் கூடுதல் டிவி இணைப்புக்கான கட்டணத்தை உண்மையான செலவின் அடிப்படையில் நிர்ணயிக்கச் சொன்னது. அந்தக் கொள்கை எனக்குச் சரியாகப் படுகிறது. பாக்ஸுக்கு விலை வாங்கட்டும், ரிப்பேருக்குக் கூலி வாங்கட்டும். ஒரே முகவரி, ஒரே ரேஷன் கார்டு என்றால் சேனல் விலையை ஒரு முறை மட்டும் வாங்கட்டும். ரேஷன் கார்டைப் பார்த்து டிவி கொடுக்க முடிந்தது என்றால், அதைப் பார்த்து பில் போடவும் முடியும்.

"இரண்டாவது டிவி ஆடம்பரம்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூடத்தில் புது எல்இடி டிவி வந்ததும் பழைய 14 இன்ச் டிவி எங்கே போகும்? பெரும்பாலும் பாட்டி படுக்கும் அறைக்கு. பில்லைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் நிறுத்தப்படுவது அந்த இணைப்புதான். கூடத்து ரிமோட் பாட்டி கைக்கு வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் இது இரண்டாவது டிவிக்கான கட்டணம். வீட்டுக்குள் அது யார் தலையில் விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும்.