மாலை இசையும் மறையாத ஏடுகளும்

ஐரோப்பியத் தேவாலய இசை என்றதும் நம்மில் பலருக்கு யோகான் செபாஸ்டியன் பாக் என்னும் பெயரே முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பாக் தம் இருபதாம் வயதில், 1705ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஆர்ன்ஸ்டட் நகரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்து, ஒரு முதியவரின் இசையைக் கேட்கச் சென்றார். நான்கு வார விடுப்பில் சென்றவர் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே மீண்டார். அதற்காகத் திருச்சபை மேலோரின் விசாரணைக்கும் ஆளானார். அம்முதியவரே லூபெக் நகரத் தூய மரியாள் ஆலயத்தின் ஆர்கன் இசைஞர் டீட்ரிக் புக்ஸ்டகூட.

சுமார் 1637இல் பிறந்த இவர் டென்மார்க்கைத் தம் தாயகமாகக் கொண்டவர். தந்தை யோகானசும் ஆர்கன் இசைஞரே. 1668இல் லூபெக் ஆலயப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே தமக்கு முன் அப்பதவி வகித்த ஃப்ரான்ஸ் டுண்டரின் மகளை மணந்தார். ஆலயத்தின் கணக்குகளைப் பேணும் கடமையும் அவருடையதாயிற்று. இசை ஒரு கையிலும் பேரேடு மறு கையிலுமாக 39 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 1707 மே 9ஆம் நாள் மறைந்தார். தந்தை இறந்த 1674இல் அவர் நினைவாக அச்சிட்ட நூலில், லூத்தரின் பாடலுக்கு நுட்பமான எதிரிசை அமைத்ததோடு ஓர் இரங்கற்பாட்டையும் இணைத்தார். புலமையும் துயரமும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்பதை அந்நூலில் காணலாம்.

அவர் பெருமைக்குரிய செயல் 'மாலை இசை' என்னும் நிகழ்ச்சி. டுண்டர் தொடங்கிய வழக்கத்தை இவர் விரிவாக்கி, கிறிஸ்துமஸ் திருநாளுக்கு முன் வரும் ஐந்து ஞாயிறுகளுக்கு உரியதாக்கினார். பாடகரும் கருவியாளரும் நிற்க 1669இல் புதிய மேல்மாடங்கள் கட்டப்பட்டன. வணிகர்கள் பொருள் தந்தனர்; கேட்போர் கட்டணமின்றி வந்தனர். அரசவையின் ஆதரவில்லாமல், ஒரு நகரமே புரவலராக நின்று வளர்த்த கலை இது.

1680இல் அவர் இயற்றிய 'மெம்ப்ரா ஜேசு நோஸ்த்ரி' கவிஞர்கள் அறியவேண்டிய படைப்பு. சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதம், முழங்கால், கை, விலா, மார்பு, இதயம், முகம் என ஏழு உறுப்புகளை நோக்கி ஏழு பாடல்தொகுதிகள் எழுகின்றன. பாதாதிகேசம் பயின்ற நமக்கு இம்முறை புதிதன்று. நாம் அழகு கண்டு மேலேறும் வழியில், அங்கே புண் கண்டு மேலேறுகிறார்கள். ஆறாவதான இதயப் பாடலில் வயலின்கள் விலக, 'வியோலா த கம்பா' என்னும் நரம்பிசைக் கருவிகள் ஐந்து ஒலிக்கின்றன. ஒலியின் நிறம் மாறுவதே பொருளாகிவிடுகிறது.

இவ்வளவு சிறந்தவரின் படைப்புகள் நமக்கு எவ்வாறு கிட்டின? 1705 டிசம்பரில் பேரரசர் லெயோபோல்டின் மறைவையும் யோசேப்பின் பட்டமேற்பையும் குறித்து அவர் நடத்திய இரு பெருநிகழ்ச்சிகளின் சொற்கள் அச்சில் எஞ்சின, இசை அழிந்தது. அவர் வாசித்த ஆர்கன் ஒன்றும் 1942 மார்ச்சில் லூபெக்கின்மீது விழுந்த குண்டுகளுக்கு இரையாயிற்று. எனினும் குரலிசைப் படைப்புகளில் 100க்கு மேல் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதியைக் காத்தவர் ஸ்டாக்ஹோம் அரசவை இசைத்தலைவரான நண்பர் குஸ்தாவ் டியூபன். மேற்சொன்ன ஏழு பாடல்தொகுதிகளும் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டவை. டியூபன் விரும்பித் தொகுத்த ஏடுகளை அவர் மகன் 1732இல் உப்சாலா பல்கலைக்கழகத்திற்கு வழங்கினார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுக்கும்வரை அவை அங்கே உறங்கின.

படைத்தவனின் ஊரில் அழிந்தது, அவனைப் போற்றிய நண்பனின் ஊரில் பிழைத்தது. பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. நாம் கூடிப் பாடுகிறோம்; கேட்டு மகிழ்கிறோம். கேட்டதைப் படியெடுத்துப் பாதுகாக்கவும் ஒருவர் வேண்டும். கவிஞருக்கு அளிக்கும் இருக்கைக்கு அருகிலேயே அவருக்கும் ஓர் இருக்கை இடுவது வட்டத்தின் கடன்.