சுண்ணாம்பில் பக்குவமாகும் முட்டை

புணேயை அடுத்த தளேகாவில் வாழும் தமிழன்பர்கள் 'பைசா நிதி'யைக் கேள்வியுற்றிருப்பர். மக்கள் காசு காசாக அளித்த அந்நிதியால் 1908-ஆம் ஆண்டில் இவ்வூரில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. மணலைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் உருக்கினால் கண்ணாடி பிறக்கும். அவ்விரண்டுமே சீனர் கையில் வாத்து முட்டையையும் கண்ணாடி போலாக்கின.

தைவான் மக்கள் விரும்பியுண்ணும் 'பீதான்' என்னும் அம்முட்டை சீனப் பெருநிலத்திலிருந்து அங்குச் சென்றது. மிங் மரபினர் ஆண்ட காலத்திலேயே (1368–1644) அதன் செய்முறை ஏடேறிவிட்டது. சுண்ணாம்பு, சோடா, சாம்பல், உப்பு, தேயிலைச் சாறு ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, உமியில் புரட்டி, வாரக்கணக்கில் வைப்பர். ஓட்டின் நுண்துளைகள் வழியே காரம் புகும், வெண்கரு தேன்நிறப் பாகாய் உறையும், மஞ்சட்கரு கரும்பச்சையாகும். அப்பளமாவில் காரம் சேர்க்கும் நமக்கு இது முற்றும் அயலான வித்தையன்று.

முட்டையிலெழும் அம்மோனியா நெடியை முகர்ந்த அயலார், குதிரை மூத்திரத்தில் ஊறியது என்று கதை கட்டினர். தாய்லாந்தில் அதன் பெயரே 'குதிரை மூத்திர முட்டை'! கருவாட்டு மணத்தால் வேற்றூரில் வாடகை வீடு மறுக்கப்பட்டோர் நம்முள்ளும் உளர். இத்தகைய பழி பிறக்கும் விதத்தை அவர்கள் அறிவர்.

கதை பொய், மெய்யான தீங்கு வேறு. காரம் அளவோடு புகுவதற்காக ஈய ஆக்சைடு சேர்ப்பதுண்டு. ஈயமோ உடலில் தங்கும் நஞ்சு. பின்னர்த் துத்தநாக உப்பு முதலியன அதற்கு மாற்றாக வந்தன. ஆயினும் 2013-ஆம் ஆண்டில், உணவுக்காகாத மயில்துத்தத்தைக் கலந்ததற்காகச் சீனத்தின் ஜியாங்சி மாநிலத்தில் முட்டை ஆலைகள் பல மூடப்பட்டன.

தைவானில் குளிர்ந்த சோயாக்கட்டியின்மேல் இம்முட்டையை அரிந்து வைத்து, சோயாச் சாறு ஊற்றி உண்கின்றனர். நெடிக்கு அஞ்சுவோர் அரிந்தபின் சற்றே காற்றாட வைப்பர்.